மூன்று சுழி அறுக்கும் ரம்பம்

குண்டூசி நடந்தது. தகட்டின் நடுவில் வைத்தது, அரைச்சுற்றுத் திரும்பி, விளிம்புவரை ஊர்ந்து, கீழே விழுந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

கடைக்காரர் சுவிட்சை அணைத்தார். ஸ்க்ரோல் ரம்பம் நின்றது. நூல்போன்ற பிளேடு மேலும் கீழும் ஓட, பலகையை அதன்முன் திருப்பித் திருப்பி எழுத்தோ பூவோ அறுத்தெடுக்கிற இயந்திரம். புத்தம்புதியது, நீல நிறம். கழுத்து வளைகிற விளக்கு, தூளை ஊதித் தள்ள ஒரு குழாய், ஒரு வருட கேரண்டி.

"என்ன அண்ணி, ஊசியெல்லாம் வச்சுப் பாக்கறீங்க?" என்றான் கூட வந்த கொழுந்தன். அவன் செல்போன் பழுது பார்ப்பவன். இரண்டு வாரமாக ஸ்க்ரோல் ரம்ப வீடியோவாகப் பார்த்துத் தள்ளியதில் வீட்டில் அவன் பெயரே நிபுணர் என்றாகிவிட்டது.

"தையல் மெஷின இப்படித்தான் பாப்பேன். ஊசி நடந்தா நம்ம கையும் கூடவே நடக்கும்."

"இது தையல் மெஷின் இல்ல அண்ணி."

"மேலயும் கீழயும்தான போகுது?"

கடைக்காரர் குனிந்து ஊசியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடிக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில், இரண்டு கையை விரித்தால் சுவர் தட்டுகிற ஓர் அறை அவளுடையது. பேண்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது. புதுத்துணி எடுப்பதில்லை. பிறர் தைத்ததைச் சரிசெய்வதுதான் தொழில், அதனால் தெருவில் அவள் பெயர் ஆல்டரேஷன். அடக்கமெல்லாம் கிடையாது. "ஜிப் மாத்துன இடத்தக் கண்டுபிடிங்க பாப்போம்" என்று துணியை நீட்டுவாள். கண்டுபிடித்தவர்கள் இல்லை.

மரவேலை அவளிடம் ஒரு பொத்தான் வழியாக வந்தது. ஒருவர் மரப்பொத்தான் வைத்த கோட்டு கொண்டுவந்தார். அதில் ஒன்று குறைந்தது, எந்தக் கடையிலும் ஜோடி இல்லை. அவள் ஒரு பழைய மர ஸ்கேலை அறுத்து, தேய்த்து, துளையிட்டு, டீத்தண்ணீரில் நிறமேற்றித் தைத்துக் கொடுத்தாள். எது புதிது என்று அவர் வெளிச்சத்துக்குப் போய்த் தேடினார். தெரியவில்லை. அன்று முழுக்க அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. பேசினால் சந்தோஷம் கொஞ்சம் சிந்திவிடும் போலிருந்தது.

பிறகு கைரம்பம் ஒன்று வாங்கினாள். கதவுக்குப் பெயர்கள், அலமாரிக்குப் பூக்கள் அறுத்தாள். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் வாசலுக்கு மேல் மாட்ட 'கண்ணாடி' என்று பெரிய மர எழுத்து கேட்டார். 'க' வந்தது. 'டி' வந்தது. 'ண' மட்டும் இரண்டு முறையும் சுழியில் பிளந்தது.

"மெஷின் வாங்கிட்டு முடிச்சுத் தர்றேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டாள். சாவிக் கடைக்காரரும் கேட்டார், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். கையில் இருந்தது ஒரு மெஷினுக்கான பணம். தப்பான மெஷினை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்க வழியில்லை. எழுத்தும் வராது, சொன்ன சொல்லும் தெருவில் கிடக்கும்.

இப்போது பையிலிருந்து ஒரு ப்ளைவுட் துண்டை எடுத்தாள். அதில் 'ண' வரைந்து, ஒவ்வொரு சுழிக்குள்ளும் சிறு துளை போட்டிருந்தாள்.

"இதுக்குள்ள பிளேட விட்டுக் காட்டுங்க."

புது மெஷினின் பிளேடுக்கு இரு முனையிலும் குறுக்கே ஒரு குட்டி ஆணி. அந்த ஆணியில்தான் பிளேடு தொங்கும். பெரிய சுழியில் நுழைந்தது. சின்னச் சுழியில் ஆணி முட்டிக்கொண்டு நின்றது.

"ஓட்டையப் பெருசாக்கிக்கலாம்" என்றான் நிபுணர்.

"பெருசாக்கினா சுழி எங்க இருக்கும்? ஓட்டைதான் இருக்கும்."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்தார். வார்ப்பு இரும்பு. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. விளக்கு இல்லை, குழாய் இல்லை. ஆனால் ஆணியில்லாத மொட்டைப் பிளேடை மேலும் கீழும் திருகால் இறுக்கிப் பிடிக்கும்.

"யாரோ பொம்மை செய்யறவர் வச்சிருந்தது. விலை புதுசுக்கும் இதுக்கும் ஒண்ணுதான், இரும்பு அப்படி."

பிளேடு சின்னச் சுழிக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஓடவிட்டார். அவள் குண்டூசியை வைத்தாள். ஊசி சிலிர்த்தது, இடத்தை விட்டு அசையவில்லை.

"அண்ணி, இதுக்கு எங்கப்பா வயசு இருக்கும்."

"மாமா இன்னும் நல்லாத்தான நடக்கறாரு?"

"அவரு நடக்கலாம். இதுதான் நடக்கக் கூடாதுன்னு இப்பச் சொன்னீங்க."

கடைக்காரரே சிரித்துவிட்டார். "புதுசுக்குக் கம்பெனி கேரண்டி. இதுக்கு நான்தான். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. ஒத்து வரலன்னா தூக்கிட்டு வாங்க, புதுசையே தர்றேன்."

வீட்டில், கால் மிதி கழன்றுபோன பழைய தையல் மெஷின் ஸ்டாண்டின்மேல் அதை ஏற்றினார்கள். அவள் வீட்டுக்காரர், கொழுந்தனின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். நான்கு போல்ட்டும் முறுக்கி, தான் ஒருமுறை அதன்மேல் சாய்ந்து பார்த்து, "ஆள் ஏறலாம்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள். வேறொரு ப்ளைவுட் துண்டை உந்தினாள். கோடு போட்டதுபோல் நேராக அறுத்தது. வளைவு வந்தது. டப்.

பிளேடு இரண்டாகிவிட்டது.

அடுத்ததை மாட்டினாள். நேராகப் போனது, திருப்பத்தில் டப். மூன்றாவதும் அப்படியே.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் நிபுணர். கயிற்றைக்கூட எடுத்துவிட்டான். "கை தளர்ந்துபோன மெஷின். கட்டுங்கண்ணே, இப்பவே போனா கடை திறந்திருக்கும்."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். "குடுத்துடலாமா?"

அவள் அறுத்த துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். மெஷின் தளர்ந்திருந்தால் நேர்க்கோட்டிலும் உடைந்திருக்கும். உடைந்ததெல்லாம் திருப்பத்தில். நாலாவது பிளேடை மாட்டி, இந்த முறை பலகையைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தாள். வளைவு வந்தது. வலது கை தானாகப் போய்ச் சுவிட்சை அணைத்தது. இடது கை பலகையைத் திருப்பியது. டப்.

"அட" என்றாள்.

துணியில் முனை வந்தால் ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்திவிட்டு, துணியைத் திருப்ப வேண்டும். இருபது வருடமாக அப்படித்தான். இங்கே நின்ற பிளேடு மரத்தின் பிடியில் இருக்கிறது. திருப்பினால் முறுக்கிக்கொண்டு உடையும். ஓட ஓடத்தான் திருப்ப வேண்டும்.

"மெஷின் நல்ல மெஷின். என் கைதான் துணி தைக்குது" என்றாள். குரலில் வருத்தம் இல்லை, திருடனைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சிதான் இருந்தது. "ஏங்க, நீங்க சுவிட்ச் பக்கம் நில்லுங்க. பிளேடுல விரல் பட்டா மட்டும் அணைங்க. மத்தபடி நான் நிறுத்துன்னு சொன்னாக்கூட நிறுத்தாதீங்க."

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் முதல் தடவையா 'நான் சொல்றத கேக்காதீங்க'ன்னு சொல்ற."

"பழகிடாதீங்க."

'ண' வரைந்த துண்டை எடுத்து, சின்னச் சுழியில் தொடங்கினாள். திருகைத் தளர்த்தி, துளைக்குள் பிளேடைக் கோத்து, மறுபடி இறுக்கினாள். நூல் கோக்கிற கை, ஒரே முயற்சியில் கோத்தது. வீடியோவில் எவனும் இவ்வளவு வேகமாகக் கோத்து நிபுணர் பார்த்ததில்லை. அவன் கயிற்றைச் சுருட்டி வைத்தான்.

ரம்பம் ஓடியது. வளைவு வந்தது. வலது கை கிளம்பியது. அங்கே வீட்டுக்காரரின் கை இருந்தது. திரும்பி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டது. அவள் மூச்சை விடாமல் திருப்பினாள். மரம் பிளேடைச் சுற்றிவந்தது. மிளகளவு ஒரு துண்டு கீழே விழுந்தது.

அடுத்த சுழி. அதற்கடுத்தது. பிறகு வெளிக்கோடு. ஒரே பிளேடு.

எழுத்தை எடுத்து, தூளை ஊதி, விளக்கின் முன் பிடித்தாள். மூன்று சுழிக்குள்ளும் வெளிச்சம் தெரிந்தது. கொழுந்தனிடம் நீட்டினாள்.

"எங்கயாவது பிசிறு இருந்தாக் கண்டுபிடிங்க பாப்போம்."

அவன் நகத்தால் சுற்றிலும் வருடினான். வெகுநேரம் வருடினான்.

"இல்ல அண்ணி."

"சத்தமா."

"இல்லன்னு சொன்னேன்ல!"

மறுநாள் அவள் வழக்கம்போல் கடை திறந்தாள். இரண்டு பேண்ட்டுக்கு நீளம் குறைத்தாள், ஒரு பைக்கு ஜிப் மாற்றினாள். மதியம் ரம்பக் கடைக்காரருக்கு போன் செய்து, மெஷின் திரும்பி வராது, மெல்லிய பிளேடு ஒரு பாக்கெட் எடுத்து வையுங்கள் என்றாள். கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து எழுத்து எப்போது என்று கேட்டார். வாரக் கடைசியில் என்றாள். சாயங்காலம் கொஞ்சம் மழை பெய்தது. பேண்ட்காரர்களில் ஒருவர் வரவில்லை. அவருடையதை மடித்து வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினாள்.