ரீச்சரைப் பார்ப்போம் என்று சொன்னது

பிள்ளைகள், நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை எழுதிவிட வேண்டும்.

சண்டை முடிய முன்பு, மாசி மாதம், நான் இங்கே டென்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலையில் நின்றபோது வன்னியிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நான் ரீச்சர் கதைக்கிறன்..."

மூன்றாம் வகுப்பில் எனக்குப் படிப்பித்தவர். பின்னால் வெடிச்சத்தம். மேற்பார்வையாளர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலையில நிக்கிறன் ரீச்சர், பிறகு எடுங்கோ" என்று வைத்துவிட்டேன்.

பிறகு அவர் எடுக்கவில்லை. எதற்கு எடுத்தீர்கள் என்றாவது கேட்க வேண்டுமென்று, வன்னியிலிருந்து தப்பி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களிடமெல்லாம் தொலைபேசியில் விசாரித்தேன்.

சண்டை முடிந்த அடுத்த மாதம், என்னோடு மீன் வெட்டும் தாய்லாந்து அக்கா கத்தரிப் பூக் கேட்டார். ரண்டர்ஸில் அவருடைய மகள் படிக்கும் தாய்லாந்து மொழி வகுப்பில், பிள்ளைகள் ஆசிரியரை வணங்கும் நாளாம். தட்டில் அறுகம்புல்லும் கத்தரிப் பூவும் வைக்க வேண்டுமாம்.

"உன்ர ஜன்னல் கத்தரி ஒருநாளும் காய்க்காது. பூவையாவது தா."

"காய்ச்சா உங்களுக்கு ஒரு துண்டும் இல்லை, அக்கா!"

எங்கள் டெனிஷ் எங்கள் இரண்டு பேருக்கும்தான் விளங்கும்.

அந்த வணங்கும் நாளுக்கு முதல் நாள், ஒன்றுவிட்ட தம்பி வவுனியாவிலிருந்து அழைப்பு எடுத்தான்.

"அண்ணை, இனித் தேடாதேங்கோ. ரீச்சர் கடற்கரையில செல் குண்டு விழுந்து செத்துப்போயிட்டா."

அடுத்த நாள், அக்காவுக்குத் தருவதாகச் சொன்ன சொல்லுக்காகப் பூக்களைக் கிள்ளிக்கொண்டு, உங்களையும் அந்த வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அங்கே படிக்கும் பிள்ளைகள் முழங்காலால் நகர்ந்து போய்த் தட்டைக் கொடுத்து, நெற்றி நிலத்தில் படக் குனிந்தார்கள். ஒரு குட்டிப் பெடியன் கவிழ்ந்து விழுந்து சிரித்தான். கத்தரிப் பூ குனிந்தே இருக்கும், மாணவரும் அப்படி இருக்க வேண்டும் என்று அக்கா காதுக்குள் சொன்னார்.

அப்போதுதான் சின்னவள் டெனிஷில் கேட்டாள்:

"அப்பா, சண்டை முடிஞ்சுதுதானே? ஊருக்குப் போனா உங்கட ரீச்சரைப் பாக்கலாமா?"

"ஓம், பாப்பம்" என்றேன்.

அதுதான் அந்தப் பொய்.

திரும்பி வந்து உங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரீச்சர் சொல்லித் தந்த ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னேன். ஏழெட்டில் தடக்கியது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.