அணையாத சூடம்

பழைய லுங்கிச் சாரத்தில் சுற்றிய ஒரு சி.பி.யுவைத் தூக்கிக்கொண்டு நயினார் அண்ணாச்சி என் கடைக்கு வந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கொற்கையில் வாழைக்காட்டு வேலை பார்த்த எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கடைப் போர்டில் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்ததாகச் சொன்னார்.

"கதவைச் சாத்து தம்பி. இதுக்குள்ள இருக்கது பூராத்தையும் அழிச்சிரு. போலீஸ் வந்தா ஒண்ணும் இருக்கக் கூடாது."

இணைத்துப் பார்த்தேன். திரை முழுக்கப் போலீஸ் முத்திரை. தடைசெய்யப்பட்ட ஆபாசப் படங்களைப் பார்த்ததால் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, அபராதம் கட்டாவிட்டால் கைது என்று இங்கிலீஷில் மிரட்டல். கீழே கார்டு நம்பர் கேட்டிருந்தது.

"எந்தப் போலீஸ் அண்ணாச்சி இப்படிக் கார்டு நம்பர் கேக்கும்? திருட்டுப் பயலுவ வேலை இது." ஆஃப் செய்து போட்டாலும் பிரவுசர் அதே பக்கத்தைத் திரும்பத் திறந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். மூடினேன். கடைக் கணக்கெல்லாம் அப்படியே இருந்தது.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எம்மவன் ஏன் தம்பி சூடத்தை அணைக்கல?"

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் அவருக்குப் பலசரக்குக் கடை. மகன் செந்தூர்வேல் கல்லூரி முடித்து, வீட்டிலிருந்தே கடைக் கணக்கைப் பார்த்துவந்தான். அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்த தாய்மாமன் சுடலைக்கண்ணன் வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில்தான் அந்தத் திரை வந்தது. "டூப்புப்பா இது" என்றான் மகன். மாமனுக்கு முகம் தொங்கிவிட்டது. மகன் சுத்தம் என்று காட்டிவிட வேண்டுமென்று அண்ணாச்சி இருவரையும் குலதெய்வமான சுடலைமாடன் கோவிலுக்கு அழைத்துப் போனார். மாடன் முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்தால், சொன்னது சத்தியம். பொய்யாக அணைத்தால் வம்சம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"அந்த மாதிரிப் படம் எதையும் பார்த்ததில்லன்னு சூடத்தை அணைச்சிருல," என்றார் அண்ணாச்சி.

செந்தூர்வேல் நின்றான். கையை நீட்டவே இல்லை. சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. "இதுக்குத்தான் எம்மவளை வளர்த்தேனா?" என்று மாமன் துண்டை உதறிவிட்டுக் கிளம்பினார். அண்ணாச்சி மகனைக் கோவில் வாசலிலேயே வைத்து அடித்தார். "இனி என் வீட்டுப்படி ஏறாதல." அவன் ஏறவில்லை. மாலத்தீவில் ஒரு கடைக்குக் கணக்குப் பார்க்கப் போய்விட்டான். அப்பா கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

அவனை என் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, வந்தது போலி என்று விளக்கினேன். விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே," என்றான். "சொன்னேன், யாரு கேட்டா? போலீஸ்தான் பொய். ஆனா எதையுமே பார்த்ததில்லன்னு எப்படி அணைக்க? ஒளிஞ்சு ஒண்ணு ரெண்டு பார்த்திருக்கேன், எல்லாப் பயலுவளும் பார்க்க மாதிரி. மாடங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்னுதானே நின்னேன். அதுக்குப் போய் அடிச்சாவ."

அண்ணாச்சி போனுக்குக் கிட்டே குனிந்தார். "ஏலே, வந்திருல."

"மாமாட்ட என்ன சொல்லுவிய? போலீஸ் பொய்யின்னு சொல்லலாம். சூடத்துக்கு என்ன சொல்லுவிய?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அண்ணாச்சி அன்று மாலையே மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார். "திரைதான் பொய், சரி. அவன் கையைக் கட்டிப் போட்டது யாரு அத்தான்?" என்று சுடலைக்கண்ணன் கேட்டாராம். பொய் சத்தியம் பண்ணாததுதான் அவன் செய்த குற்றம் என்று அவரிடம் சொல்ல அண்ணாச்சிக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால், எதைப் பார்த்தான் என்ற கேள்வி வந்திருக்கும்.

அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். செந்தூர்வேல் மாலத்தீவில்தான் இருக்கிறான். அம்மா தங்கத்தாயிடம் மட்டும் பேசுகிறான். நயினார் அண்ணாச்சி கடையில் இருக்கிறார். கம்ப்யூட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் அதைத் திறப்பதில்லை.