சித்தியின் இடது பெடல்

இது எந்த வருடம் நடந்தது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன் என்கிறேன்; மூன்றாம் வகுப்பு என்கிறார் அவர். மாதத்தில் மட்டும் சந்தேகமில்லை, ஆடி. வடக்கே மழை பிடித்ததும் போர்வெல் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். அவற்றோடு அப்பாவும் திரும்புவார். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் அவர் வெறும் கைப்பேசிக் குரல்தான். ஆகவே அப்பா வாசலில் உட்கார்ந்து எதையாவது கழற்றிக்கொண்டிருக்கும் எந்த நினைவுக்கும் நான் தயங்காமல் ஆடி என்று எழுதிவிடலாம்.

அந்த ஆடியில் அவர் கழற்றியது சித்தியின் சைக்கிளை.

சித்தி அம்மாவின் தங்கை. முந்தின வருடம் மொபெட்டிலிருந்து விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டு, எங்கள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர்ப் பால் சங்கத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வருகிற பாலைச் சோதித்து அளவு எழுத வேண்டும். பால் ஊற்றுகிறவர்கள் விடியும்போதே கேனோடு வந்து நின்றுவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து முதல் பேருந்து, அவர்கள் ஊற்றிவிட்டு வீடு போன பிறகுதான் கிளம்பும். மொபெட்டை இனித் தொடவே மாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டார். கொண்டுபோய் விட அப்பா இருப்பதும் மழை நிற்கும்வரைதான். வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை காலை தானே சைக்கிளில் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெடல் மேலே வரும்போது முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். சித்தியின் முழங்கால் மடங்காது. சீட்டை உயர்த்தினார்கள், அப்போது கீழே போகும் பெடல் எட்டவில்லை. பெடலைத் தாங்கும் இரும்புக் கையைக் கிராங்க் என்பார்கள். அது குட்டையாக இருந்தால் பெடல் போடும் வட்டமும் சின்னதாகும், முழங்காலும் கொஞ்சம் மடங்கினால் போதும். இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு குட்டைக் கிராங்க் தேவைப்பட்டது. வியாழக்கிழமை அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு மல்லசமுத்திரத்துச் சைக்கிள் கடைக்குப் போனார்.

"ஏனுங்க, காலுக்கு ஏத்த செருப்பு விக்கறாங்க. காலுக்கு ஏத்த கிராங்க் எவன் செய்யறான்?" என்றார் கடைக்காரர். சின்னப் பிள்ளைகள் வண்டிக்கு வருவது குட்டைதான், ஆனால் இடது பக்கத்தை மட்டும் சேலத்திலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றும் சொன்னார். "வந்தாலும் இந்த அச்சுல உக்காருமான்னு நாஞ் சொல்ல முடியாதுங்க."

இரும்பு பொருந்தவில்லை என்றால் பொருந்த வைப்பதுதான் ரிக்காரர்கள் வழக்கம். அப்பா சித்தியின் கிராங்கையே திருச்செங்கோட்டு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய துளைக்கு உள்பக்கமாக இன்னொரு துளை போட்டு, பெடலை முறுக்கி ஏற்ற மரை வெட்டிக்கொண்டு வந்தார். பழைய இடது பெடல் அதில் ஏற மறுத்தது. வலது பக்கத்துப் பெடல் ஒன்று வாங்கி வைத்தார், வழுக்கிக்கொண்டு ஏறியது. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தி ஏறி மிதித்தார். முழங்கால் வலிக்கவில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் பெடல் கழன்று சாலையில் உருண்டது. நல்லவேளை, சித்தி காலை ஊன்றிக்கொண்டார். சரியாக முறுக்கவில்லை என்று அப்பா தன்னையே திட்டிக்கொண்டு, ரிக்கில் பயன்படும் நீளமான ஸ்பேனரைக் கொண்டுவந்து முறுக்கினார். மறுபடி அதே தெருமுனை, அதே பெடல்.

அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ரிக்குல குழி போடற ராடை ஏன் ஒரே பக்கமா சுத்தறீங்க?"

"திருப்பிச் சுத்துனா மரை கழண்டு ராடு குழிக்குள்ள போயிரும்ல?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு அதைத்தான் சொல்றீங்க. உங்க கொழுந்தியா பெடலுக்கு மட்டும் சொல்லாம உட்டுட்டீங்களாட்டம் இருக்குது."

அப்பா கையிலிருந்த பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுகொள்ளும். ஒரு ராடைக்கூடக் குழிக்குள் விட்டதில்லை என்று பெயரெடுத்த மனிதர், வீட்டு வாசலில் இரண்டு முறை விட்டுவிட்டார். சித்திதான் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

எதிர்மரை வெட்டும் கருவி பட்டறையில் இல்லை. எதிர்மரையோடு ஒரு குட்டைக் கிராங்க் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தோன்றியதும், அவர் பார்வை என் சைக்கிள் பக்கம் போனது. "சாமி, உன்ற வண்டிக்கு ஒரு வாரம் லீவு உட்டுக்கலாமா?" என்று கேட்டார். கேட்கும்போதே ஸ்பேனர் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே பட்டறைக்குப் போனோம். என் கிராங்கில் அச்சு நுழையும் கண், சித்தியின் அச்சைவிட ஒரு நூல் சிறியது. சிறிய துளையைப் பெரிதாக்கலாம், பெரியதைச் சிறிதாக்க வழியில்லை, ஆகையால் நாம் பிழைத்தோம் என்றார் அப்பா. கண்ணைக் கடைந்து, அதை அச்சோடு இறுக்கும் ஆப்பை அரத்தால் ராவி உட்கார வைத்தார்கள். என் கிராங்கில் என் பெடல்தான் ஏறும் என்பதால் அதுவும் கூடவே போனது. வலது பக்கம் பெரிய கறுப்புப் பெடல், இடது பக்கம் என் சிவப்புப் பெடல் என்று சித்தியின் வண்டி வீட்டுக்கு வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. தெருமுனைவரை போய்த் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. சித்தி போனார். தெருமுனையைத் தாண்டினார். வரவில்லை. அம்மா வாசலுக்கும் சாலைக்கும் நடந்தார். கொஞ்ச நேரத்தில் அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். "ஓரத்துல செவப்பா ஏதாச்சும் கெடக்குதான்னு பாத்துட்டே வா சாமி" என்றார். சோளக்காட்டு ஓரம், வாய்க்கால், பாலம் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்பா வண்டியின் வேகத்தைக் கூட்டவும் முடியாமல் குறைக்கவும் முடியாமல் ஓட்டினார்.

பக்கத்து ஊர்ப் பால் சங்கத்தின் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் சித்தி நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை. அப்பா நேராகப் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, சிவப்புப் பெடலை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு போன் பண்ணக் கூடாதா அம்மிணி?"

"போன் ஊட்லயே இருக்குதுங்க மாமா."

"செரி. திங்கக்கெழமைக்கு இனி ஒண்ணும் பயமில்ல" என்று அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவுக்குப் போன் போட எழுந்து போனார். தூரத்திலிருந்தே அம்மாவின் குரல் போனில் கேட்டது. திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

தெருமுனையில் ஏன் திரும்பி வரவில்லை என்று நான் சித்தியிடம் கேட்டேன்.

"திரும்போணும்னே தோணல சாமி" என்றார்.

சித்திக்கு நேராக ஓட்ட வந்துவிட்டது, வளைத்துத் திருப்பத்தான் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. பெரியவர்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அப்பாவின் காதில் விழாதபடி, நாளைக்குக் களத்தில் வைத்து நானே கற்றுத் தருகிறேன் என்றேன். சித்தி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரிங்க சாமி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க, நான் சொன்ன இடத்திலெல்லாம் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் திரும்பித் திரும்பிக் கற்றுக்கொண்டார்.