ஹெல்மெட்காரன் யார்?

நீல அட்டை போட்ட கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் நடுப்பக்கத்தில் பேனையால் கீறிய ஒரு படம். நீண்ட அங்கி, தலையில் பெரிய ஹெல்மெட், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. படத்தின் கீழே ஏழு பேரின் பெயர்களும் ஒவ்வொருவரும் சொன்ன பதிலும். என் பெயருக்கு எதிரில் மட்டும் ‘இன்னும் யோசிக்கிறேன்’ என்று இருக்கிறது. போன கிழமை என் மகள் அலுமாரியைக் கிளறும்போது இதைக் கண்டெடுத்து, "இது யார் அப்பா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன், பிள்ளைகளே. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது யுத்த காலம். நான் மலைநாட்டிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு லொட்ஜில். என்னோடு இருந்தவர்களில் பெரும்பாலானோர் வடக்கிலிருந்து வந்து, வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். காத்திருப்பதுதான் அவர்களுக்கு முழுநேர வேலை. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மட்டும் அந்த வேலைக்கு லீவு. அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சியில் விண்கப்பல் தொடர் போகும்.

தொடர் இங்கிலீஷில் நடக்கும். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். எனக்குக் கடையில் பழகிய சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே வழி அண்ணைதான். யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில் இருந்த மனைவியிடம் போக இரண்டு வருடமாகக் காத்திருந்தவர். லொட்ஜில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அவர் ஒருவரே. தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த பிரம்புக் கதிரையில் வேறு யாரும் உட்கார மாட்டோம். தொடரில் ஒருவன் பேசி முடித்ததும் அண்ணை கையை உயர்த்துவார், நாங்கள் மூச்சுவிடாமல் கேட்போம். "கப்பல் பழுதாப் போச்சாம். சாமான் வாங்கக் கீழ இறங்கப் போகினமாம்." நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற கப்டன் யாழ்ப்பாணத் தமிழில் பேசுவதைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவன் வேறு எப்படித்தான் பேசுவான் என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

ஒரு சனிக்கிழமை அந்தக் கப்பலுக்குள் புதிதாக ஒருவன் வந்தான். தலையில் ஹெல்மெட். முகம் தெரியவில்லை. குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கரகரத்தது. வாசலில் நின்றபடியே நிறையப் பேசினான். எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அண்ணை கையை உயர்த்தினார். இறக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆரெண்டு இன்னும் சொல்லேல்லை," என்றார்.

அன்றிலிருந்து லொட்ஜில் வேறு பேச்சே இல்லை. குளிக்க வரிசையில் நிற்கும்போதும், பிளேன்ரீ குடிக்கும்போதும் ஹெல்மெட்காரன்தான். ஒருவர் அது இயந்திர மனிதன் என்றார். இன்னொருவர், முன்பு அந்தக் கப்பலில் செத்துப்போன டாக்டர்தான் திரும்பி வந்திருக்கிறார் என்று சத்தியமே செய்தார். வவுனியாக்காரர் ஒருவருக்கு வேறு கவலை. "எங்களைப் பாக்கச் சித்தப்பா வந்து ஒருநாள் நிண்டாலும் பொலிஸில பதியிறம். இவன் ஒரு பதிவும் இல்லாமல் ஏறி நிக்கிறான். கப்டன் அடையாள அட்டையைக் கூடக் கேக்கேல்லையே?" என்பார்.

லொட்ஜ் நடத்திய அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சமையலறை வாசலில் நின்றபடி தொடர் பார்ப்பார். "எனக்கு இங்கிலீசு வேணாம்," என்றார் அவர். "கூப்பிடாம உள்ளுக்கு வராம நிக்கிறான் பாருங்க. கோவிச்சிட்டுப் போன தம்பி திரும்பி வந்தா அப்பிடித்தான் நிப்பான். அவன் கப்டன்ட தம்பி." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணைதான் படத்தைக் கீறி, எல்லோருடைய பதிலையும் கொப்பியில் எழுதினார்.

ஒரு ஞாயிறு காலை பொலிஸார் லொட்ஜைச் சோதிக்க வந்தார்கள். அது வழக்கம்தான். அன்றைக்குக் கொப்பி அவர்கள் கையில் அகப்பட்டது. முகம் மறைத்த ஒரு ஆளின் படம், கீழே ஏழு தமிழ்ப் பெயர்கள். எழுதியது யார் என்று கேட்டு அண்ணையைக் கூட்டிப் போனார்கள். சிங்களம் பேசுவதற்காக நானும் பின்னால் போனேன். அந்தப் புதன்கிழமை அண்ணைக்கு விசா நேர்முகம். உள்ளே வைத்துவிட்டால் இரண்டு வருடக் காத்திருப்பும் வீண்.

நிலையத்தில் இருந்த அதிகாரி படத்தில் விரலை வைத்து, இது யார் என்று கேட்டார்.

"அதுதான் சேர் எங்களுக்கும் தெரியல," என்றேன் சிங்களத்தில். சொன்ன பிறகுதான், அந்த இடத்தில் அதைவிட மோசமான பதில் இல்லை என்று விளங்கியது. சனிக்கிழமை, ஐந்தரை மணி, விண்கப்பல், ஹெல்மெட் என்று முழுவதையும் சொன்னேன். பெயர் பெயராகப் பதில்களை வாசித்துக் காட்டினேன். இயந்திர மனிதன். செத்துப்போன டாக்டர். அதிகாரி கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் கொப்பியைக் காட்டினார். இருவரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"இதில என்ன யோசிக்க இருக்கு மல்லி?" என்றார் அதிகாரி. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. "வந்த அன்றைக்கே பெயரையும் சொன்னான், உறவையும் சொன்னான். கீழே எழுத்தும் போனதே. அவன் கப்டனின் தம்பி."

அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்தார். "என்னவாம் தம்பி?"

துடைத்த அந்த மூக்குக்கண்ணாடி என் நினைவுக்கு வந்தது. பிரம்புக் கதிரையும், மூச்சுவிடாமல் கேட்கிற எங்கள் ஆட்களும் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு மாதமாக எங்களைச் சிரிக்கவும் சண்டை பிடிக்கவும் வைத்த மர்மம் அண்ணைக்கு விளங்காமல் போன ஒரு வசனம்.

"அவருக்கும் தெரியாதாம் அண்ணே," என்றேன். "சனிக்கிழமை பார்ப்போம்னு சொல்றாரு."

அண்ணை என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தபடி கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணை, "உன்ர பேருக்கு நேரே ஒண்டும் இல்லையே, எழுதன்," என்று பேனையை நீட்டினார். அந்தத் தெருவிலேயே, மதிலில் கொப்பியை வைத்து, ‘இன்னும் யோசிக்கிறேன்’ என்ற அந்த இரண்டு சொல்லை எழுதினேன்.

அண்ணைக்கு விசா கிடைத்தது. கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவர் போன மூன்றாவது சனிக்கிழமை ஹெல்மெட்காரன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கப்டனை உரித்து வைத்த முகம். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "நான் சொன்னேன்தானே," என்று அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். பிரம்புக் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது.

பல வருடம் கழித்து அண்ணையிடமிருந்து கடிதம் வந்தது. ‘இஞ்ச என்ர பிள்ளையோட அந்தத் தொடரைத் திரும்பப் பாத்தன். இப்ப எனக்கு எல்லாம் விளங்குது. வந்த உடனேயே அவன் ஆரெண்டு சொல்லிப்போடுறான். தம்பி, அண்டைக்குப் பொலிஸில நீ செய்ததுதான் நான் கேட்டதிலேயே திறமான மொழிபெயர்ப்பு.’

இப்போது என் மகள் போனில் ஒரு விண்வெளித் தொடர் பார்க்கிறாள். அதுவும் இங்கிலீஷ்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக நிறுத்தி எனக்குத் தமிழில் சொல்வாள். நேற்று அதில் புதிதாக ஒருத்தி வந்தாள். முகத்தில் திரை. கடகடவென்று நிறையப் பேசினாள். நான் மகளைப் பார்த்தேன். மகள் தலையைச் சொறிந்தாள். போனை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"யாருன்னு இன்னும் சொல்லல்ல அப்பா," என்றாள்.

நான் எழுந்துபோய் நீலக் கொப்பியை எடுத்து வந்து, ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, பேனையை அவளிடம் கொடுத்தேன்.