ஒன்பதாம் குழாயின் சீட்டு

அலுவலகத்தில் அவருக்கு நகலார் என்று பெயர். வருகிற தபால்களுக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றுவது அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருடம் அதையே செய்து பழகிய கை வீட்டுக்கு வந்த பிறகும் அடங்க மறுத்தது. பல் மருத்துவர் கொடுத்த சீட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை, மைத்துனன் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே மன்னிப்புக் கடிதம் என்று அந்த வீட்டில் எண்ணும் நகலும் இல்லாத காகிதம் கிடையாது. திருமணச் சான்றிதழுக்கு மட்டும் ஏழு நகல்கள்.

"எதுக்குங்க ஏழு? அடிக்கடி சந்தேகம் வருதா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

அவர் அந்தக் கேள்வியைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் கார் வாங்கினால் அது சாம்பல் நிறத்தில், நான்கு கதவுகளோடு, பார்த்தவுடன் கொட்டாவி வரும்படி இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வாங்கியது சிவப்பு. இரண்டே கதவு. இருபத்தாறு வயதான ஸ்போர்ட்ஸ் கார். அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை நிமிர்ந்து நடக்க முடியாது. ஏற வேண்டுமானால் மடங்க வேண்டும், இறங்க வேண்டுமானால் கடவுள் மனம் வைக்க வேண்டும். ஆனால் சாவியைத் திருகியதும் எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கும்போது நகலார் முகத்தில் ஒரு வெட்கம் படரும். கல்யாணத்தன்றுகூடத் தான் அதைப் பார்த்ததில்லை என்று மனைவி பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் காரின் பொருட்டுத்தான் அவருக்கு அநீதி நேர்ந்தது. 'அநீதி' என்ற சொல் அதற்கென்று அவர் திறந்த கோப்பின் மேலட்டையிலேயே இருக்கிறது, சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு.

எஞ்சினின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. கைராசிக்காரர் என்று பெயரெடுத்த மெக்கானிக் ஒருவரின் பட்டறை வாசலில் காலை ஏழு மணிக்கே காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். பட்டறை திறப்பது எட்டரைக்கு. ஒன்றரை மணி நேரத்தை வீணாக்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. பானட்டைத் திறந்து, எஞ்சினின் பின்பக்கம் ஓடும் பதினான்கு ரப்பர் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் எழுதிய காகிதச் சீட்டை ஒட்டி, திரும்ப மாட்டினார். முன்பின் தெரியாத கை படப்போகிற இடம். எது எதுவென்று குழம்பிவிடக் கூடாதல்லவா?

மறுநாள் காரை எடுத்தபோது அது சிக்னலில் நின்று நடுங்கியது. வேகமெடுத்தால் சரியாகிவிடும், நின்றால் மறுபடியும் குளிர்காய்ச்சல்காரனைப்போல உதறும். நகலார் நேரே பட்டறைக்குத் திரும்பினார்.

"எங்கிட்ட வரும்போதே இப்படித்தான் சார் ஆடிச்சு" என்றார் மெக்கானிக்.

"ஏழு மணிக்கு உங்க வாசல்ல நிறுத்தற வரைக்கும் ஆடல. எழுதி வெச்சிருக்கேன்."

"எட்டரைக்கு நான் எடுக்கும்போது ஆடிச்சு. எழுதி வெக்கல. எனக்கு வேற வேலை இருக்கு."

பேச்சு தடித்தது. கடைசியில் மெக்கானிக் கை துடைத்த துணியை மேசைமேல் வீசிவிட்டு, மூன்று வாடிக்கையாளர்களும் கூட வந்திருந்த மைத்துனனும் பார்த்துக்கொண்டிருக்க, "கோளாறு வண்டில இல்ல சார். உங்ககிட்ட" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனன் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தான். அதுவும் கோப்பில் இருக்கிறது.

நகலார் நஷ்டஈடு கேட்கவில்லை. அந்த வாக்கியம் தவறு என்று அந்த மனிதர் ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. பதினோரு பதிவுத் தபால்கள் அனுப்பினார். பதினொன்றும் 'பெற மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பி வந்தன. நான்காவது தபாலுக்குப் பிறகு பட்டறைச் சுவரில் ஒரு பலகை ஏறியது: 'சீட்டு ஒட்டிய வண்டிகள் பார்க்கப்படமாட்டாது.' நகலார் அதைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று படமெடுத்து, பன்னிரண்டாவது கடிதத்தை நுகர்வோர் மன்றத்துக்கே எழுதிவிட்டார்.

மன்றம் மெதுவாக நகர்ந்தது. அதற்குள் குற்றத்தைத் தானே நிரூபித்துவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துத் தொடங்கியவர்தான். எஞ்சின் கையேட்டின் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் படித்து, புரியாத இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, புரிந்ததும் அழித்தார். வண்டிக்கொட்டகையின் ஒரு சுவர் முழுக்க அலமாரி வந்தது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் உறைக்குள், உறைமேல் எண், எண்ணுக்குப் பதிவேடு. மெக்கானிக் கைவைத்த இடங்களை மட்டும் வரிசையாகத் திறப்பது அவர் முறை. தான் கைவைத்த இடங்களைத் திறக்கத் தேவையில்லை. அவற்றை ஏற்கெனவே சரிபார்த்தாகிவிட்டது.

டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கும் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மூன்று முறை திறந்தார். மூன்று முறையும் பெல்ட் ஓடும் பல்சக்கரங்களின் குறிகள் நூல் பிடித்ததுபோல நேராக நின்றன. 'வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை' என்று மூன்று முறை எழுதினார். அதிலிருந்து மெக்கானிக் நேர்மையானவர் என்ற முடிவுக்கு வந்தாரா? தவறை வேறெங்கோ ஒளித்துவைக்கும் அளவுக்கு ஆள் கெட்டிக்காரர் என்ற முடிவுக்கு வந்தார்.

திறந்ததுதான் திறந்தோம் என்று, வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் மேம்படுத்தவும் தொடங்கினார். எஞ்சினின் வால்வுகளை இன்னும் அகலத் திறக்கும் புதிய கேம் ஷாஃப்ட் வந்தது. புகை போகும் பாதை முழுக்க அகலமான குழாயாக மாறியது. புதிய பிளக், புதிய வயர், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் புதிது. வண்டி நெடுஞ்சாலையில் சீறியது. சிக்னலில் மட்டும் பழையபடி உதறியது.

"மாமா, ஓடுனா புலி, நின்னா நனைஞ்ச கோழி" என்றான் மைத்துனன்.

"பக்கம் போட்டு எழுதிக்கறேன். இன்னொரு தடவை சொல்லு" என்றார் நகலார்.

இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்து மன்றத் தலைவி ஒரு நாள் குறித்தார்: வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மன்றத்தின் பின்முற்றத்தில், இரு தரப்பும் முன்னிலையில் வாகனப் பரிசோதனை. அன்று கோளாறு மெக்கானிக்கினுடையது என்று காட்டினால் அந்த ஒரு வரி கிடைக்கும். காட்டாவிட்டால் பட்டறையில் சிரித்த சிரிப்பே தீர்ப்பாகிவிடும்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, நகலார் எஞ்சினை ஓடவிட்டு அதன் மேல்மூடியில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரை வைத்தார். நடுக்கத்தை அளக்க அவர் கண்டுபிடித்த கருவி அது. தண்ணீர் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவி வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கொட்டகை வாசலில் நின்றாள்.

"இது ஜுரம் இல்லீங்க. மூச்சுதான் எங்கயோ கசியுது. எங்க வார்டுல இந்தச் சத்தம் தெனம் கேக்கறேன்."

"ஏம்மா, அது எஞ்சின்."

"நுரையீரல் மட்டும் என்ன பெருசா? தள்ளுங்க."

பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள். முனையிலிருந்த வட்டத்தைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயின் நுனியை எஞ்சினின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நகலார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்கதான். உஸ்ஸுன்னு காத்த இழுக்குது. பின்னாடி, இந்தக் குட்டிக் குழாய்ல."

"அங்க மெக்கானிக் கையே வெக்கல. அது என்னோட பதினாலுல ஒண்ணு."

"அப்ப உங்களோடதுதான் இருமுது."

எஞ்சினை நிறுத்தி, இடுக்கியால் கவ்வியைத் தளர்த்தி, ஒன்பதாம் குழாயை இழுத்தார். அது மாட்டியிருந்த உலோக முனையைச் சுற்றி ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு மூலை மடிந்து, பசை காய்ந்து, காற்று நுழையச் சரியான வாய்க்கால் வெட்டியிருந்தது. சூட்டில் பழுத்திருந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது: '9. சரிபார்க்கப்பட்டது. காலை 7.52.' கீழே அவருடைய சுருக்கொப்பம்.

அவருக்கு ஞாபகம் வந்தது. மற்ற முனைகள் நீளம்; சீட்டைப் பக்கத்தில் ஒட்ட இடமிருந்தது. ஒன்பதாவது குட்டை. முனைமேலேயே சுற்றி, அதன்மேல் குழாயை அழுத்தி மாட்டினார். இனி இந்தச் சீட்டு உதிரவே உதிராது என்று அன்று ஒரு பெருமைகூட வந்தது. ஏழு மணிக்கு ஆடாத வண்டி எட்டரைக்கு ஆடியிருக்கிறது. இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் மட்டும்தான் இருந்தார்.

மனைவி சீட்டைப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"கிழிச்சுப் போட்டுடுங்க. நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

"தேதிப்படி இருக்கும்மா. நேரம் போட்டிருக்கு."

"இருக்கட்டும். அதனால என்ன?"

"கையெழுத்தும் போட்டிருக்கு."

அதற்குமேல் அவரிடம் வாதம் எதுவும் இல்லை. அவளுக்கும் தேவைப்படவில்லை. முனையைச் சுத்தமாகத் துடைத்து, குழாயை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டார். டம்ளர் தண்ணீர் கண்ணாடித் தகடுபோல நின்றது. இரண்டு வருடம் நான்கு மாதம் அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தவர், அந்தத் தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை பின்முற்றத்தில் மெக்கானிக் கைகளைக் கட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக நின்றார். தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வண்டிய ஓட்டிக் காட்டுங்க" என்றார். கார் கொஞ்சமும் உதறாமல் நின்ற இடத்தில் ஓடியது.

"எங்கங்க ஆடுது?"

"ஆடாதுங்கம்மா. காரணம் கிடைச்சிடுச்சு. அறுபத்து மூணாம் ஆவணம்" என்று நகலார் பிளாஸ்டிக் உறையை நீட்டினார். "என்னோட கையெழுத்துதான்."

தலைவி படித்தார். பிறகு உறையை மெக்கானிக்கிடம் கொடுத்தார். மெக்கானிக் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"புகார வாபஸ் வாங்கறீங்களா?" என்று தலைவி கேட்டார்.

"வாங்கறேன்."

"வாயால சொன்னா போதுமா?" என்றார் மெக்கானிக். "எழுதிக் குடுங்க சார்."

நகலார் பையைத் திறந்து, இணைப்புகளோடு தைத்த நான்கு பக்கக் கடிதத்தை எடுத்தார். மெக்கானிக் அதைத் தொடவே இல்லை.

"ஒரு வரி. நீங்க எங்கிட்ட கேட்டதும் ஒரு வரிதானே?"

நகலார் காரின் சிவப்புக் கூரைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். பிறகு எழுதினார்: 'கோளாறு வண்டியில் இல்லை, என்னிடம் என்று தாங்கள் கூறியது சரி.' கையெழுத்து, தேதி, நேரம், கீழே வலது மூலையில் ஆவண எண் அறுபத்து நான்கு. கூடவே ஒரு ரசீதுத்தாளையும் நீட்டினார். பதினோரு தபால்களைத் திருப்பி அனுப்பிய மனிதர் முதல்முறையாக 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் அவருடைய எண்ணெய்ப் பெருவிரலும் பதிந்தது.

போகும்போது மெக்கானிக் திறந்திருந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கேம் யாரு சார் மாத்துனா?"

"நான்தான்."

"டைமிங்?"

"நீங்க வெச்சத மூணு தடவை கழட்டினேன். மூணு தடவையும் நீங்க வெச்ச எடத்துலயேதான் வெச்சேன்."

மெக்கானிக் பானட்டை மூடினார். அடித்து மூடவில்லை, உள்ளங்கையால் அமுக்கி மூடினார்.

அடுத்த வாரம் நகலார் பட்டறை வழியாகப் போனபோது பலகைக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள், அவருடைய ஒற்றை வரி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாடிக்கையாளர்கள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காரை ஓரமாக நிறுத்தினார், மடங்கி இறங்கினார், நேராக உள்ளே போனார். சிரித்தவர்கள் அவரைக் காரோடு சேர்த்துப் பார்த்து, அடையாளம் புரிந்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்ன சார், கழட்டணுமா?"

"வேணாம், இருக்கட்டும்" என்றார் நகலார். "ஆனா சட்டம் கொஞ்சம் சின்னது. வலது மூலைல ஆவண எண் மறையுது."