சல்லடையின் கை

என் நாத்தனாருக்குச் சல்லடை என்று பட்டப்பெயர் வைத்தவளே நான்தான். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி முழுக்க அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டதால், வேறு வழியில்லாமல் பேசினாள். பத்தொன்பது வருஷமாக அவள் கையில் ஒரு சல்லடை. வீட்டில் சர்க்கரை வாங்கி வந்தால்கூட ஒரு தடவை சலித்துவிட்டுத்தான் டப்பாவில் போடுவாள். பேச்சும் அப்படித்தான். நான் பத்து வார்த்தை கொட்டினால் அவளிடமிருந்து ஒன்று விழும்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது, தலைக்கும் முகத்துக்கும் தடவுகிற ஜெல் செய்யும் சின்னக் கம்பெனியில். அவள் கலவைத் தொட்டியில், நான் பாட்டில் பிரிவில். ஜெல் என்றதும் பெரிய வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். அதைக் கெட்டியாக நிற்க வைப்பது கார்போமர் என்கிற வெள்ளைப் பொடி. செடி கொடியிலிருந்து வருவதில்லை, ரசாயன ஆலையில் செய்வது. மூட்டையைத் திறந்தாலே பறக்கும். தரையில் சிந்தி ஈரம் பட்டால் அப்படி வழுக்கும். எங்கள் சூப்பர்வைசர் ஒரு தடவை மல்லாக்க விழுந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தப் பொடியைத் தண்ணீரில் போடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. மொத்தமாகக் கொட்டினால் மேலே ஊறி, உள்ளே காய்ந்தபடி உருண்டை உருண்டையாகிவிடும். மீன்முழி என்போம். அப்புறம் தலைகீழாக நின்றாலும் கரையாது. அதனால் அவள் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, சுற்றுகிற தண்ணீரின் மேல் முக்கால் மணி நேரம் சலித்துக்கொண்டே நிற்பாள். அந்த நேரத்தில் வீடு இடிந்து விழுந்தாலும் அவளைக் கூப்பிடக் கூடாது. எல்லாம் ஊறியபின் தொட்டியில் வெறும் கலங்கிய தண்ணீர்தான் இருக்கும். காரக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதும் மோட்டார் திணறும், கலங்கல் தெளியும், தண்ணீர் கெட்டியாகி நின்றுவிடும். மோட்டார் சத்தத்தை வைத்தே அவள் போதும் என்று சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவளுடைய ஜெல் தண்ணியாகிவிட்டது என்று நானூறு பாட்டில் திரும்பி வந்தது.

முதலாளி ஒரு பாட்டிலைக் குலுக்கினார். பம்பை அழுத்தினார். சளசளவென்று விரலிடுக்கில் ஒழுகியது. "உனக்கு வயசாயிடுச்சும்மா. கை முன்ன மாதிரி இல்ல. அடுத்த தொட்டியும் இப்படியே போச்சுன்னா கலவையையே மூடிட்டு, ஜெல்ல வெளியில வாங்கிக்கறேன். நீ அட்டைப்பெட்டி மடிக்கப் போயிடு" என்றார். நாற்பத்திரண்டு வயதுக்காரியிடம் சொல்கிற பேச்சா இது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த தொட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் வீட்டில் அவள் இருந்த நிலையைப் பார்க்க முடியவில்லை. தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். பாத்திரம் தேய்க்கும்போது பாதியில் நிறுத்தி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் காலையில், நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது வந்து கையை நீட்டினாள்.

"அண்ணி, என் கை நடுங்குதா பாருங்க."

பிடித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "நடுங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய் சாப்பிடு. உங்க அண்ணன் என்னைத்தான் கேள்வி கேக்கறாரு, என் தங்கச்சிக்குச் சோறு போடறியா இல்லையான்னு."

அவள் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் உதட்டோரமாவது அசைந்திருக்கும்.

பத்தாம் நாள் புதுத் தொட்டி போட்டாள். பாட்டில்களைத் திருப்பி அனுப்பிய மொத்த வியாபாரி நேரிலேயே வந்து நின்றார். முதலாளி அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார். நாங்கள் பாட்டில்காரிகள் கதவோரம் கூடிவிட்டோம்.

சல்லடை தொட்டியிலிருந்து கரண்டியில் ஜெல் எடுத்தாள். கண்ணாடி மாதிரி, விழாமல் நின்றது. வழக்கம்போலத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அடுத்த நொடி அது இளகி, மணிக்கட்டு வழியாகத் தண்ணீராக ஓடியது.

முதலாளி முகம் செத்துவிட்டது. போச்சு, இனி அட்டைப்பெட்டிதான் என்று நினைத்தேன். அவள் மட்டும் பதறவில்லை. பயமெல்லாம் கையில் இருந்தது, குரலில் இல்லை.

"எனக்குக் கை வேர்த்திருக்கு சார். வேர்வையில உப்பு இருக்குல்ல? உப்பு பட்டா இந்தப் பொடி பிடிச்சு வெச்ச தண்ணிய விட்டுடும். நீங்க கையைத் துடைச்சுட்டு எடுத்துப் பாருங்க."

வியாபாரி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு எடுத்தார். நின்றது. மறுபடி எடுத்தார். நின்றது. "தொட்டியில நல்லாத்தான் இருக்கு. அப்போ போன தடவை பாட்டிலுக்குள்ள எங்கிருந்து உப்பு வந்துச்சு?" என்றார்.

சல்லடை திரும்பி வந்த பாட்டில் ஒன்றை எடுத்தாள். எல்லோரும் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தோமே, ஒருவராவது குலுக்காமல் திறந்து பார்த்தோமா? அவள் மூடியை மெதுவாகக் கழற்றிக் கரண்டியை விட்டாள். மேலே கெட்டி ஜெல். அடியில் ஒரு விரல்கடை தண்ணீர். பம்பின் குழாய் அடியிலிருந்துதானே உறிஞ்சும்!

எனக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது.

அந்த நானூறு பாட்டிலைக் கழுவிய அன்று தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் நின்றுபோயிருந்தது. இருந்த சுத்தத் தண்ணீர் முழுக்க அவள் தொட்டிக்குப் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் கொல்லைப்புற போர்வெல் குழாயில் கழுவினேன். வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர், குழாய் வாய் முழுக்க வெள்ளையாகப் படிந்து கிடக்கும். கவிழ்த்து ஒரு நாள் காய வைக்க வேண்டியதை அரை மணியில் நிமிர்த்தி அடுக்கினேன். தண்ணீர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். பொடிக்கு உப்பு ஆகாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. தொட்டி நன்றாக இருக்கிறது, அவள் வேலையும் தப்பித்துவிட்டது. ஆனால் முதலாளி, "இந்தத் தடவை ஏதோ கை கூடிடுச்சு" என்று அவளைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள், அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ கைய ஒண்ணும் சொல்லாதீங்க. பாட்டில நான்தான் போர் தண்ணியில கழுவினேன். ஈரத்தோட அடுக்கினதும் நான்தான்."

திட்டு விழுந்தது. விழ வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அட்டைப்பெட்டி மடிக்க வேண்டியவள் நான் என்றானது. அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தாள். நிறுத்தத்தில் நின்றபின் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு என் கையைப் பிடிச்சுப் பார்த்து, நடுங்கலன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. நடுங்கவே இல்லடி."

"நான் நம்பல அண்ணி. எனக்கு ஆறுதலுக்குப் பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன். ஒன்பது நாளா என் கையை நானே திட்டிட்டு இருந்தேன்."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக அது என் இடம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் நிறுத்தம் வரும்வரை அவள் பையை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.