கூடத்தில் அப்பாவை வரைந்தது

பேருந்து ஓட்டுநராக இருந்த அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய மாதத்தில்தான், நானும் சென்னை விளம்பர அலுவலக வேலையை விட்டுவிட்டு ஆரணிக்குத் திரும்பினேன். ஒரே வீட்டில் வேலையில்லாத இரண்டு பேர்.

"கூண்டுல போட்ட மாதிரி ரெண்டு பேரும் சுத்திகினே இருக்கீங்க, பேஜாரா இருக்குது" என்றாள் அம்மா.

அப்பாவை எண்ணெய் வண்ணத்தில் வரைவதென்று முடிவு செய்தேன். ஓவியக் கல்லூரியில் படித்தவள்தான். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு தூரிகையைத் தொட்டதே இல்லை. எங்கள் வாடகை வீட்டின் கூடம் பெரியது. இரண்டு மரத் தூண்கள், சிவப்புத் தரை, கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியே சரிந்து விழும் முற்பகல் வெயில். தூண்களுக்கு நடுவே நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன்.

கூடம் சுலபமாக வந்துவிட்டது. அப்பாதான் வரவில்லை. முகத்துக்கு நிறம் கலப்பதற்குள் எழுந்து வாசலுக்குப் போவார். திரும்பி வந்து வேறு மாதிரி உட்காருவார்.

"ஜல்தி முடிம்மா. உக்காந்துகினே இருந்தா கால் மரத்துப் போவுது."

"பஸ்ஸுல எப்படிப்பா அவ்ளோ நேரம் உக்காந்தீங்க?"

"அங்க எங்க உக்காந்தேன்? ஓட்டிகினு இல்ல இருந்தேன்."

பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்போதெல்லாம் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் கிண்ணத்தில் சிறு வளையங்கள் எழும். எனக்கும் ஒரு நிலையில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தை நின்றபடி வரைந்துவிட்டு, அப்பாவை முக்காலியில் உட்கார்ந்து வரைந்திருந்தேன். பார்வை மட்டம் மாறிப்போய், படத்தில் அவர் தரையைத் தொடாமல் மிதந்தார். சுரண்டினேன். மறுபடி வரைந்தேன். மறுபடியும் மிதந்தார்.

ஒருநாள் காலை நாற்காலியில் அவருடைய கைப்பேசி மட்டும் கிடந்தது. மதியம் சாப்பிடவும் வரவில்லை. அம்மா பேருந்து நிலையம் வரை போய்த் தேடிவிட்டு வந்தாள். "படவேடு பஸ்ல ஏறினாராம். டீக்கடைக்காரர் பார்த்திருக்காரு" என்றாள். அது அவர் பல வருடம் ஓட்டிய தடம். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா போனீங்க?"

"சும்மாதான். பின் சீட்டுல உக்காந்து ஒருதபா போய்ப் பாக்கலாம்னு." வலது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "முடியலம்மா. ஒவ்வொரு வளைவுலயும் காலு பிரேக்கைத் தேடுது. பக்கத்துல இருந்த பையன் ஒரு மாதிரியா பார்த்தான். பாதி வழியிலயே எறங்கிட்டேன்."

அதன் பிறகு அவர் அசையவில்லை. தோள்கள் இறங்கி, பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன. வரையலாமா என்று கேட்கக் கூசியது. கேட்காமலேயே துணியை டர்பன்டைனில் நனைத்துப் பழைய உருவத்தைத் துடைத்தேன். இந்த முறை நின்றபடியே வரைந்தேன். வெளிச்சம் போவதற்குள் தலை, தோள், கால்கள் வந்துவிட்டன. அம்மா தண்ணீர்ச் சொம்போடு தூணருகே நின்றாள்.

கைகளை அடுத்த வாரம் வரையலாம் என்றிருந்தேன். அதற்குள் ஒரு பள்ளியில் வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள். அப்பா மறுநாளே கிளம்பிவிட்டார்.

"கைய நீயே நெனச்சி போட்டுக்கம்மா" என்றார் சட்டையை மாட்டியபடி.

முயன்று பார்த்தேன். அவை யாருடைய கைகளாகவோ வந்தன. துடைத்துவிட்டேன். படம் இப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. மடியில், கைகள் இருக்கவேண்டிய இடத்தில், அடிவண்ணம் மட்டும் பழுப்பாகத் தெரிகிறது.